லீகல் ரெட்டரிக்: ‘வழக்குரைத்திறம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

தொடர்பாடல் துறைப் பேராசிரியர் ஒருவரின் ‘லீகல் ரெட்டரிக்’ (legal rhetoric, சட்டத்துறையில் சொல்லால் இணங்க வைக்கும் கலை) பாடத்திட்டத்தைத் தமிழாக்கும் நண்பருக்கு இதுவரை ‘சட்ட நாவன்மை’, ‘சட்டச் சொல்லணி’ என்னும் இரு சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இரண்டும் எனக்கு உவப்பாக இல்லை. நாவன்மை பேசுபவரின் ஆற்றலையும் அணி மொழியின் அழகையும் சுட்டுகின்றன. அப்பாடம் ஆராய்வதோ, சட்டத்தரணி (வழக்கறிஞர்) நீதிமன்றில் முன்வைக்கும் வாதமும் நீதிபதியின் தீர்ப்பும் எதைக் காரணமாகக் காட்டி, யாரை, எவ்வாறு இணங்க வைக்கின்றன என்பதையே.

ஆகவே ‘வழக்குரைத்திறம்’ என்பதை முன்வைக்கிறேன். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொன்னவுடன், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியனே சொல்லிவிடுகிறான். சிலம்பு உடைவது அதற்குப் பிறகுதான். வழக்கை முடிக்கும் அளவுகோல் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. கேட்போர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதிலிருந்தே வாதம் புறப்பட வேண்டும் என்று, சட்டம் பயின்ற மெய்யியலாளர் பெரெல்மன் 1958 இல் ஒல்பிரெக்ட்ஸ்-டிட்டெக்காவுடன் எழுதிய நூலில் வற்புறுத்தியதும் இதுவே.

‘திறம்’ வெறும் சாமர்த்தியமாக ஒலிக்கும் என்பர். மணிமேகலையில் ‘சமயக் கணக்கர் தம் திறம்’ என்னும்போது அவரவர் கோட்பாடும் அதை நிறுவும் முறையும் அடங்கிவிடுகின்றன. அந்தப் பொருளில்தான் கொள்கிறேன். புதுச்சொல் நிலைக்குமா என்ற ஐயமும் வேண்டாம். அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கிராசி (புரொக்டர்) என்று எங்கள் பாட்டன்மார் பிரித்துச் சொன்ன இரு வழக்கறிஞர் தொழில்களும் இலங்கையின் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒன்றாயின. இன்று யாழ்ப்பாணத்தில் எவரும் சட்டத்தரணி என்றே சொல்கிறார்கள்.

‘ஆர்கியுமென்டேஷன்’ (argumentation, வாதம் அமைக்கும் முறை) என்பதற்கு ‘வாதாடலியல்’ போதும். ‘நியாயம்’ என்று தொடங்கும் சொல் எதுவும் இங்கே எடுபடாது. ‘நியாயம் பிளக்காதை’ (வீண்வாதம் செய்யாதே) என்று வீட்டிலே பேச்சு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள்.

உண்மையான சிக்கல், வாதங்களை ஆராய்ந்த ஆங்கிலேய மெய்யியலாளர் டூல்மினிடம் உள்ளது. அவரும் 1958 இல், வாதத்தின் அமைப்பை நீதிமன்ற நடைமுறையை ஒப்புநோக்கியே விளக்கினார். தரவிலிருந்து முடிபுக்குச் செல்ல உரிமை தரும் பொதுவிதியை அவர் ‘வாரன்ட்’ (warrant) என்கிறார். நான் திருத்திய ஒரு மாணவரின் வரைவில் அது, ஒருவரைக் கைதுசெய்ய நீதிமன்றம் விடுக்கும் வாரன்டைக் குறிக்கும் ‘பிடியாணை’ என்றிருந்தது. ‘தரவுக்கும் முடிபுக்கும் இடையே பிடியாணை நிற்கிறது’ என்ற வரியைப் படித்துச் சிரித்தேனாயினும், நம் நீதிமன்றத் தமிழை மட்டுமே அறிந்த மாணவர் வேறு எதை எழுதியிருப்பார்? மணிமேகலை தரும் அளவையியல் உறுப்புகளான பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் ஆகியவற்றுள், பக்கத்தை முடிபுக்கும் ஏதுவைத் தரவுக்கும் ஒருவாறு பொருத்தலாம். திட்டாந்தமோ எடுத்துக்காட்டு, அதனுள் பொதுவிதி பொதிந்திருப்பினும் விதிக்கே அதைப் பெயராக்க மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு ‘இசைவு விதி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அளவையியல் கற்பிப்போர் இதனினும் செறிவான சொல் தந்தால் மாற்றிக்கொள்வேன்.

அன்புடன்,
நல்லூரிலிருந்து