32 தெரிய வேண்டிய இடத்தில் 1: இரட்டைச் செயலி சர்வரில் டெபியன்

கேள்வி (வடசேரி):
வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் திருமண வீடியோக்களைத் தொகுத்துத் தரும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். அதற்காகப் பழைய சர்வர் ஒன்றை வாங்கினேன். அதில் இன்டெல் ஜியான் இ5-2670 செயலிகள் இரண்டும் 64 ஜிபி நினைவகமும் உள்ளன. செயலிக்கு 8 கோர் (கணக்கிடும் அலகு), கோருக்கு 2 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) என்ற கணக்கில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 32 தெரிய வேண்டும். ஆனால் செயலி விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளை 1 என்றுதான் காட்டுகிறது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் இரண்டு செயலிகளும் தெரிகின்றன, நினைவகமும் குறையவில்லை. இரண்டு மணி நேர வீடியோவை மாற்றுவதற்கு விடிய விடிய ஓடுகிறது. இரண்டாவது செயலி பழுதாகியிருக்குமா?

பதில் 1 (குளச்சல்):
எங்கள் கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்றால் மெமரி ஸ்லாட்டுகளில் பச்சை பிடிப்பது வழக்கம். செயலியைக் கழற்றி, சாக்கெட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பதில் 2 (தக்கலை):
தயவுசெய்து இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். அந்தச் சாக்கெட்டில் ஊசிகள் போர்டிலேயே இருப்பதால், ஒன்று வளைந்தாலும் போர்டு வீணாகிவிடும். மேலும், இரண்டாவது செயலி இறந்திருந்தால் உங்களுக்கு 16 தெரிந்திருக்கும். முதல் செயலியின் மற்ற கோர்களும் சேர்ந்து மறைந்திருப்பதால், கோளாறு வன்பொருளில் இல்லை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் தொடங்கும் விதத்தில்தான் என்று கருதுகிறேன். ப்ராக் அடைவில், கர்னலுக்குக் கொடுத்த தொடக்க விருப்பங்களைக் காட்டும் சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்து, அதில் நோஎஸ்எம்பி, மேக்ஸ்சிபியுஸ்=1, ஏசிபிஐ=ஆஃப் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். எத்தனை கோர்கள் உள்ளன என்பதை, வன்பொருள் விவரங்களைச் சொல்ல பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணைகளில் எம்ஏடிடி என்ற ஒன்றிலிருந்துதான் கர்னல் அறிகிறது. ஏசிபிஐயை அணைத்துவிட்டால், 1990களில் இன்டெல் வகுத்த பழைய எம்பி (மல்டிபிராசசர்) அட்டவணையைத் தேடும், அதுவும் போர்டில் இல்லையென்றால் தொடங்கிய ஒரே கோருடன் நின்றுவிடும். நினைவகத்தின் அளவு வேறு வழியாகத் தெரியவருவதால்தான் 64 ஜிபி குறையாமல் இருக்கிறது.

கேட்டவர்:
ஏசிபிஐ=ஆஃப் இருந்தது, ஐயா. நிறுவும்போது திரை கறுத்து நின்றதால் நண்பர் ஒருவர் அதைச் சேர்த்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பிலிருந்து அதை நீக்கி, திரைக்காக நோமோட்செட் என்ற விருப்பத்தைச் சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். திரையும் வருகிறது, 32-உம் தெரிகிறது. ஆனால் செயலிவாரியாக நினைவகத்தைக் காட்டும் நியூமாசிடிஎல் கட்டளையில், இரண்டாவது செயலியான நோட் 1-க்கு நேராக 0 எம்பி (மெகாபைட்) என்று வருகிறது, இது எதனால்?

பதில் 2 (தக்கலை):
எட்டு மெமரி பட்டைகளையும் முதல் செயலியின் பக்கத்திலேயே செருகியிருக்கிறார்கள். அதனால் இரண்டாவது செயலி ஒவ்வொரு முறையும் முதல் செயலியின் வழியாகவே நினைவகத்தை அணுக வேண்டியுள்ளது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டின் கையேடு சொல்லும் வரிசையில் பக்கத்துக்கு நான்காக மாற்றுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் நான்கு மெமரி சேனல்கள் உண்டு.

கேட்டவர்:
மாற்றினேன். இப்போது இரு நோட்களிலும் ஏறத்தாழ 32 ஜிபி தெரிகிறது. நேற்றைய வீடியோவை மீண்டும் போட்டிருக்கிறேன். விசிறிகள் முதன்முறையாகச் சத்தமிடுகின்றன.