நல்லாசிரியரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? ஹனுஷெக்கின் ஆய்வு குறித்து ஒரு கேள்வி

கேள்வி:
வணக்கம். பொருளியலாளர் எரிக் ஹனுஷெக், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கேரி நகரின் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைக் குறித்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையில், திறமையான ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரே கல்வியாண்டில் ஒன்றரை ஆண்டுக்குரிய பாடத்தைக் கற்றதாகவும், திறமை குறைந்தவரிடம் படித்தவர்கள் அரை ஆண்டுக்குரியதையே கற்றதாகவும் எழுதினார். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதுகலைப் பட்டம் ஆசிரியரின் தரத்தைக் காட்டுவதில்லை என்றும் அவரே சொல்கிறார். அப்படியானால் நல்லாசிரியர் யார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
பணியில் சேர்க்கும்போது தெரிந்துகொள்ள முடியாது என்பதே அவருடைய விடை. நுழையும்போது 40 மதிப்பெண் நிலையில் இருந்த மாணவியை 55க்குக் கொண்டுவந்தவரையும், 80இல் இருந்தவளை 80லேயே விட்டவரையும் ஒப்பிட்டால், இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாமவரைத்தான் பாராட்டுவார். ஆகவே மாணவரின் முந்தைய நிலையையும் பின்னணியையும் கழித்துவிட்டு, எஞ்சும் வளர்ச்சியை ஆசிரியரின் கணக்கில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஆசிரியர் சம்பளமோ பெரும்பாலும் பட்டத்துக்கும் பணிமூப்புக்கும் ஏற்ப உயர்கிறது. அனுபவத்தின் பயனோ முதல் சில ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. மிகப் பின்தங்கிய 5 முதல் 8 சதவீத ஆசிரியர்களின் இடத்தில் சராசரித் திறனுள்ளவர்களை அமர்த்தினாலே அமெரிக்கா கணித, அறிவியல் தேர்வுகளின் உலகத் தரவரிசையில் முன்வரிசையை நெருங்கிவிடும் என்று அவர் வாதிடுவது இதனால்தான்.

பதில் 2:
நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 25 பேர் உள்ள வகுப்பில் மூவர் காய்ச்சலோடு தேர்வெழுதினாலே சராசரி சரிந்துவிடும். அந்தச் சரிவும் நீங்கள் சொல்லும் கணக்கில் என் பெயரில்தான் ஏறும். மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் அறிவித்தது. ஆசிரியர்களிடையே வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை, எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாலே அது தெரியும். ஆனால் ஓராண்டுக் கணக்கை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

பதில் 3:
அம்மா, நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் வாஷிங்டன் நகரில் 2009இல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறை மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், வகுப்பறைக்கே ஆளனுப்பிப் பாடம் நடத்துவதைப் பலமுறை பார்க்கச் செய்தது. இரண்டாண்டுகள் தொடர்ந்து குறைந்த தரநிலை பெற்றவர் பணியிழப்பார். மிகச் சிறந்தவருக்கு 25,000 டாலர் வரை ஊக்கத்தொகை. ஆய்வாளர்கள் தாமஸ் டீ, ஜேம்ஸ் வைக்காஃப் ஆகியோரின் ஆய்வின்படி, முதன்முறை குறைந்த தரநிலை பெற்று அந்த எல்லைக்கோட்டுக்குச் சற்றே கீழே நின்றவர்களில் பலர் தாமாகவே விலகினர், தங்கியவர்களின் மதிப்பீடு உயர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. விலகுபவரின் இடத்துக்குச் சராசரித் திறனுள்ள ஒருவர் ஆயத்தமாகக் காத்திருப்பார் என்று ஹனுஷெக்கின் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆனால் கணித ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடும் ஏழைப் பகுதிப் பள்ளிக்கு அவர் எங்கிருந்து வருவார்?