சாட்டிலைட் செல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

பாடக்குறிப்பை மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். உடற்கல்வி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உடற்பயிற்சியால் தசைக்குள் மூலக்கூறு அளவில் என்னென்ன மாறுகிறது என்ற பாடம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எம்டார், பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதங்களின் பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டேன். சிக்கல் சாட்டிலைட் செல்லில்தான். தசையிழையின் சவ்வுக்கும் அதைப் போர்த்தியிருக்கும் அடிச்சவ்வுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் செல் அது. சாதாரண நாளில் உறக்கம். தசை கிழிந்தாலோ கடும் பளு விழுந்தாலோ விழித்துப் பெருகும். சில, இழையோடு இணைந்து தம் உட்கருவை அதற்குக் கொடுத்துவிடும். சில மீண்டும் உறங்கப் போகும். பழைய குறிப்பு ஒன்றில் 'துணைக்கோள் செல்' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

விலங்கியல் ஆசிரியை:
துணைக்கோள் வேண்டவே வேண்டாம். கோள் இல்லாத இடத்தில் துணைக்கோள் எப்படி வரும்? சேமச்செல் என்று வையுங்கள். தேவைப்படும் நாளுக்காகச் சேமித்து வைத்த செல் என்று மாணவருக்கு உடனே விளங்கும்.

இன்னொன்று. பாடத் தலைப்பில் 'தகவமைப்பு' என்று போட்டிருக்கிறீர்களா? பள்ளியில் அந்தச் சொல்லை ஒட்டகத்தின் திமிலுக்கும் கள்ளியின் முள்ளுக்கும் பழக்கியிருக்கிறோம். அது தலைமுறை தலைமுறையாக வருவது. பயிற்சியால் வருவது ஓர் ஆளின் உடம்போடு சரி. 1967இல் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடுபட்டையில் பழக்கி, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார். அந்த எலியின் குட்டி அதே தசையோடு பிறக்காது. பயிற்சியை நிறுத்தினால் அந்த எலிக்கே கூட்டிய அளவு இறங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் குழம்புவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
அம்மா சொல்லும் தகவமைப்புச் சிக்கல் நியாயமானது. 'உரமேறல்' என்று வைக்கலாமே. உரமேறிய உடம்பு என்கிறோமே, அதுதான்.

இனி சாட்டிலைட். இது இலத்தீனின் சதெல்லெஸ். தலைவனை விட்டகலாத மெய்க்காவலன், ஏவலன் என்று பொருள். வியாழனின் நிலவுகளுக்கு அந்தச் சொல்லை ஏற்றி 1611இல் எழுதியவர் வானியலாளர் கெப்ளர். அதாவது வானத்துக்கு முன்பே இது அரண்மனைச் சொல். நம் அரண்மனைச் சொல் எது? அணுக்கன்! அணுகு, அணுக்கம், அணுக்கன். மன்னனுக்கு நெருங்கியவன். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் என்றே ஒரு வாயில் உண்டு. ஆகவே 'அணுக்கச்செல்'. இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

இங்கே வேளைக்காரப் படையையும் நினைக்க வேண்டும். தலைவனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். இலங்கையின் பொலன்னறுவையில் அவர்களது தமிழ்க் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. இழைக்குள் கலந்து தன்னையே இழக்கும் செல்லுக்கு...

விலங்கியல் ஆசிரியை:
ஐயா, அணுக்கன் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் "அணுக்கச்செல் தன் உட்கருவை இழைக்குத் தருகிறது" என்று வகுப்பில் சொன்னால், பாதிப் பேர் 'அணுக்கரு' என்று எழுதி வைப்பார்கள். அணு என்று காதில் விழுந்ததுமே இயற்பியலுக்குப் போய்விடுவார்கள்.

பேராசிரியர்:
அணுகுமுறை என்ற சொல்லைக் கேட்டு யாரும் அணுகுண்டை நினைப்பதில்லையே. ஒரு தலைமுறை பழகினால் சொல் நிலைத்துவிடும். இன்றைய மாணவரின் குழப்பத்துக்குப் பயந்தால் தமிழில் ஒரு சொல்லும் பிறக்காது.

யாழ்ப்பாணத்தில் படித்த மருத்துவர்:
நாங்கள் பள்ளியில் செல் என்று படிக்கவில்லை, கலம் என்றுதான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழைமணி, உங்கள் எலும்புத்தசைக்கு வன்கூட்டுத்தசை. தகவமைப்புக்கு எங்களிடம் இசைவாக்கம். ஆனால் அதுவும் கூர்ப்பு, அதாவது உங்கள் பரிணாமப் பாடத்தில் வருவதால் டீச்சரின் சிக்கல் தீராது. சரி, அதை விடுவோம்.

சேமக்கலம், சேமச்செல் எதுவானாலும் நான் தயங்குவேன். காரணம் சொல் அல்ல, அறிவியல். 2011இல் வளர்ந்த எலிகளில் இந்தக் கலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்துவிட்டு, தசை மீது பளு ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் தசை அப்படியும் பருத்தது. காயம் ஆறுவதுதான் கெட்டது. பருப்பதற்கு எம்டார் வழியாகப் புரதம் கூடுதலாக உருவானாலே ஓரளவு போதும் போலிருக்கிறது. பிறகு வந்த வேறு ஆய்வில் நேர்மாறான முடிவு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆக, தசை பருக்கும்போது இந்தக் கலம் எவ்வளவு தேவை என்பதே விவாதத்தில் இருக்க, தொழிலை வைத்துப் பெயர் சூட்டுவது சரியில்லை.

1961இல் மௌரோ என்ற ஆய்வாளர் தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் வைத்தபோது, இது என்ன செய்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. அதை வைத்தே பெயரிட்டார். நன்னூல் சொல்லும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆறில் இவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். நாமும் அதையே செய்யலாம்: இழையின் ஓரத்தில் கிடப்பதால் ஓரக்கலம், உங்களுக்கு ஓரச்செல்.

மொழிபெயர்ப்பவர்:
டாக்டர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. எனக்கு 'ஒட்டுச்செல்' என்றும் தோன்றியது. ஆனால் ஒட்டுண்ணி நினைவு வரும். ஒட்டுக்கன்று வேறு இருக்கிறது.

பேராசிரியர்:
ஓரம் என்றால் தள்ளி வைத்தது என்றல்லவா பொருள் படும்? ஓரவஞ்சனை, ஓரங்கட்டுதல் எல்லாம் எப்படிப்பட்ட சொற்கள்? இழையோடு ஒட்டியே உறங்குவதற்கு நெருக்கம் காட்டும் சொல் வேண்டும். அப்புறம், நரம்பு முடிச்சுகளில் நியூரானைச் சூழ்ந்திருக்கும் கிளையா என்ற துணைச் செல்லுக்கும் சாட்டிலைட் என்றே பெயர். அது ஓரத்தில் கிடப்பதல்ல, சுற்றி அணைத்து நிற்பது. அதற்கு என்ன செய்வீர்கள்? அணுக்கம் இரண்டுக்கும் பொருந்தும். டாக்டர் கேட்கும் இடமும் அதிலேயே இருக்கிறது.

மருத்துவர்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஐயா. ஆனால் இது தசைப் பாடம், வெள்ளிக்கிழமை அச்சு. 'தசை ஓரச்செல்' என்று முழுதாகப் போட்டால் இப்போதைக்குக் குழப்பம் வராது.

விலங்கியல் ஆசிரியை:
சேமச்செல்லை விட எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த 2011 ஆய்வைக் கேட்டபின் அதை வற்புறுத்த முடியவில்லை. ஓரச்செல் போகட்டும். முதல் முறை வரும் இடத்தில் 'சாட்டிலைட் செல்' என்று தமிழெழுத்தில் பக்கத்திலேயே போடுங்கள். தேர்வில் பிள்ளைகள் எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்:
உள்ளே தசை ஓரச்செல், தலைப்பில் 'பயிற்சியால் தசை உரமேறல்' என்று திருத்திவிட்டேன். கலம் என்ற வழக்கையும் சொல்லடைவில் சேர்க்கிறேன். நன்றி.

பேராசிரியர்:
உரமேறலை ஏற்றதற்கு மகிழ்ச்சி. ஓரச்செல்லை நான் ஏற்கவில்லை. சொல்லடைவில் அணுக்கச்செல்லுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நரம்பு மண்டலப் பாடம் மொழிபெயர்ப்புக்கு வரும்போது இதே கேள்வியை மறுபடி வைப்பேன்.