‘வீக் டை’: பலவீனம் என்ற சொல் வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

கொடைக்கானலில் முதலாண்டு சமூகவியல் மாணவிகளுக்காக அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய ‘வீக் டை’ (weak tie) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். முதலில் ‘பலவீனமான உறவு’ என்றுதான் எழுதினேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு மாணவி, “சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தின சொந்தமா மேடம்?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். உறவு பலவீனமாகிவிட்டது என்றால், நன்றாக இருந்த ஒன்று கெட்டுப்போனது என்றுதான் நமக்குப் பொருள். ‘தளர்ந்த பிணைப்பு’ என்று மாற்றினாலும் அதே சிக்கல். முன்பு இறுக்கமாக இருந்தால்தானே தளர முடியும்?

கிரனோவெட்டர் சொல்வது, தொடக்கத்திலிருந்தே நெருக்கம் இல்லாமல், எப்போதாவது பார்த்துப் பேசுகிற அளவிலேயே இருக்கிற பழக்கத்தை. ஹார்வர்டில் ஹாரிசன் ஒயிட்டிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, பாஸ்டனை அடுத்த நியூட்டனில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6. ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8. வீட்டாரும் உயிர் நண்பர்களும் நமக்காக எதையும் செய்வார்கள். ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியும். புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1969-இல் ஒரு முன்னணி ஆய்விதழ் நிராகரித்த இந்தக் கருத்து, 1973-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோசியாலஜி’யில் கட்டுரையாக வந்தது.

எங்கள் கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பூம்பாறையில் என் அண்ணன் பூண்டு போடுகிறார். வடுகபட்டி மண்டியில் என்ன விலை போகிறது என்று மாமன் மச்சான் யாரிடமும் அவர் கேட்பதில்லை. அவர்களும் அதே சரிவில், அதே வாரத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள். எப்போதாவது லோடு ஏற்ற வரும் லாரி டிரைவரைத்தான் கேட்பார். சேர்ந்து ஒரு டீ குடிக்கிற அளவுக்குப் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் பெரியகுளம், வத்தலக்குண்டு என்று போய்வருகிற அவர்தான் எங்கள் ஊருக்கும் சமவெளிக்கும் பாலம். கிரனோவெட்டரும் ‘பாலம்’ என்றே சொல்கிறார். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரே வழியாக இருக்கிற தொடர்பு நெருக்கமானதாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். நெருக்கமாக இருந்தால் இவருடைய ஆட்களும் அவருடைய ஆட்களும் நாளடைவில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள். அப்புறம் அது ஒரே வழியாக இருக்காது.

என் பரிந்துரை: ‘முகப்பழக்கம்’. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அம்மா, வணக்கம். தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன். 30 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்பதால் அந்தக் கண்ணோடு படித்தேன்.

> என் பரிந்துரை: ‘முகப்பழக்கம்’

இதில் எனக்கு ஒரு தடை உண்டு. 1973 கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றைப் பாருங்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் பார்த்துத் தலையசைத்துக்கொள்வதையும், காலையில் வழக்கமாகச் செய்தித்தாள் வாங்கும் கடைக்காரரோடு இருக்கும் பழக்கத்தையும் அவர் வீக் டையில் சேர்க்கவில்லை. ‘தொடர்பு இல்லை’ என்ற கணக்கில் வைத்துவிடுகிறார். நாம் முகப்பழக்கம் என்பது அதைத்தானே? “பேர் தெரியாது, முகப்பழக்கம்தான்” என்கிறோம். உங்கள் அண்ணனுக்கும் டிரைவருக்கும் இருப்பது அதற்கு ஒரு படி மேல். விலை கேட்கிறார், சொன்ன விலையை நம்பிப் பூண்டை அனுப்புகிறார்.

நான் ‘வலிமை குறைந்த பிணைப்பு’ என்பேன். இந்தச் சிந்தனைக்கு, தாம் கல்லூரியில் படித்த ஹைட்ரஜன் பிணைப்பும் ஒரு தூண்டுதல் என்று கிரனோவெட்டரே சொல்லியிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் வலிமை குறைவு, ஆனால் நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். பாடநூலில் ‘வலிமை குறைந்த அமிலம்’ இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழகிய சொல். இன்னொன்று, வெற்றிலைப் பழக்கமும் பழக்கம்தான். அந்தக் குழப்பம் வராதா?

*

ஐயா, அந்த அடிக்குறிப்பை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி. முகப்பழக்கத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ‘வலிமை குறைந்த’ என்பதற்கு மனம் ஒப்பவில்லை. அமிலத்தின் வலிமை அது எவ்வளவு அயனியாகிறது என்பதில் இருக்கிறது. பழக்கத்துக்கு கிரனோவெட்டர் நான்கைச் சேர்த்துப் பார்க்கிறார்: சேர்ந்திருக்கும் நேரம், உணர்ச்சியின் ஆழம், மனம்விட்டுப் பேசுவது, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது. இந்த நான்கும் கூடியிருந்தால் தமிழில் அதை ‘நெருக்கம்’ என்போம். யாரும் வலிமை என்பதில்லை. நெருக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தூரம். ‘தூரத்துச் சொந்தம்’ என்கிறோமே, அவர் அடுத்த தெருவில் இருந்தாலும் தூரத்துச் சொந்தம்தான். அந்தச் சொந்தம் கெட்டுப்போனதாகவும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே ‘தூரத்துப் பழக்கம்’. எதிர்ச்சொல் ‘நெருங்கிய பழக்கம்’. நீங்கள் காட்டிய தலையசைப்புக்கு ‘வெறும் முகப்பழக்கம்’. ‘உறவு’ வேண்டாம் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. அந்தச் சொல் வந்ததுமே பிள்ளைகளின் மனசு சொந்தபந்தத்துக்குப் போய்விடுகிறது. வெற்றிலைக் குழப்பத்தை வேற்றுமை உருபே தீர்த்துவிடும்: ‘டிரைவரோடு பழக்கம்’ என்றால் ஆள்தான். உருபு வராத இடங்களில், அட்டவணையிலும் வரைபடத்திலும், பொதுச்சொல்லாக ‘தொடர்பு’ என்று போடுகிறேன்.

ஒரு இழப்பு உண்டு. 1973 கட்டுரையின் ‘தி ஸ்ட்ரெங்த் ஆஃப் வீக் டைஸ்’ என்ற ஆங்கிலத் தலைப்பில் வலிமையும் வலிமையின்மையும் மோதிக்கொள்ளும் அழகு ‘தூரத்துப் பழக்கத்தின் வலிமை’யில் இல்லை. பிள்ளைகள் பொருளைத் தவறாமல் பிடித்துக்கொண்டால் அந்த இழப்பை ஏற்கத் தயார்.

அடுத்த முட்டுக்கட்டை கிரனோவெட்டரின் 1978 கட்டுரையில் வரும் ‘த்ரெஷோல்ட்’ (threshold). எத்தனை பேர் இறங்கினால் ஒருவர் தானும் இறங்குவார் என்ற எண் அது. 100 பேர் கூடியிருக்கிறார்கள். ஒருவர் யாரையும் எதிர்பாராமல் கல்லெறிவார். அடுத்தவர் ஒருவர் எறிந்தால் எறிவார், மூன்றாமவர் இரண்டு பேர் எறிந்தால், இப்படியே 99 வரை. 100 பேரும் கலவரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த இரண்டாமவருக்குப் பதில் இரண்டு பேருக்காகக் காத்திருக்கும் இன்னொருவரை வைத்தால், கல்லெறிந்தவர் ஒரே ஒருவர். கூட்டத்தின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான், முடிவு தலைகீழ். ‘வரம்பு’ என்று எழுத முடியவில்லை. வரம்பு தாண்டக் கூடாதது, இதுவோ எட்டியதும் இறங்க வேண்டியது. எங்கள் ஊரில் புதுப் பயிர் என்றால் “நாலு பேர் போடட்டும், பார்ப்போம்” என்பார்கள். அந்த ‘நாலு’தான் கிரனோவெட்டரின் எண். ‘இறங்கெண்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றினால் வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் அனுப்புங்கள் ஐயா.