எடைப் பகுதிக்குள் நுழையத் தயக்கம்

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகியும், ஆண்கள் கூடி நிற்கும் எடைப் பகுதிக்குள் நுழையத் துணிவின்றி டிரெட்மில்லில் ஓடுவதோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடுகிறேன். எப்படித் தொடங்குவது?

மறுமொழி 1: நானும் அப்படித்தான் இருந்தேன். கூட்டம் குறைந்த முற்பகலில் சென்று, இரண்டு 5 கிலோ டம்பெல்களை மூலையிலிருந்த பெஞ்சுக்கு எடுத்துச் சென்று, தாளில் எழுதி வைத்திருந்த மூன்று பயிற்சிகளை மட்டும் செய்தேன். அடுத்து என்ன என்று விழித்து நிற்கும் நொடிதான் கூச்சத்தைத் தருகிறது.

மறுமொழி 2: பார்பெல்லை, அதாவது இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டும் நீளக் கம்பியை, தொடும்போது கவனியுங்கள்: போட்டித் தரத்தில் ஆண்களுக்கான வெறும் கம்பியே 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ, பிடியும் சற்று மெல்லியது. பெண்களுக்கான கம்பி இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: உடம்பு ஆண்களைப் போல் முறுக்கேறிவிடும் என்று அம்மா அஞ்சுகிறார்.

மறுமொழி 1: தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு என்பதால் அது எளிதில் நேராது. என் அம்மாவும் அஞ்சினார்; இப்போது அரிசி மூட்டையை என்னிடம்தான் தூக்கச் சொல்கிறார்.