நன்றாகத் தின்றும் மெலியும் பூனை: வீட்டில் எதை அளந்து பார்ப்பது?

கேள்வி – குளச்சல்காரன்

எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு 12 வயதாகிறது. மீன்காரர் வரும் நேரத்தில் வாசலில் காத்திருந்து, வேகவைத்த சாளையை முன்பைவிட ஆவலாகவே தின்கிறது. ஆனாலும் சில மாதங்களாக அதன் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார் அம்மா. நாகர்கோவிலுக்குக் கொண்டு போகலாம் என்றால், பேருந்தில் அது போடும் கூச்சலை நினைத்தே தள்ளிப்போட்டு வருகிறேன். பூனைகளுக்கான செவிலியாகப் பணிபுரியும் முட்டம் சகோதரி இங்கே எழுதுவதால் கேட்கிறேன்: உங்கள் சொந்தப் பூனை இப்படி மெலிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

பதில் – முட்டத்துச் செவிலி

ஐயா, என் வீட்டில் இது நடந்தபோது நான் பல வாரங்கள் ஒன்றுமே செய்யவில்லை. பிரிட்டனில் பூனைகளுக்கு மட்டுமான ஒரு மருத்துவமனையில், பிறர் கொண்டுவரும் பூனை 200 கிராம் குறைந்திருந்தாலே மருத்துவரிடம் சொல்லிவிடுபவள், என் மடியில் நாள்தோறும் கிடந்த பூனை 4.5 கிலோவிலிருந்து 3.8 கிலோவுக்கு இறங்கியதைப் பார்க்கத் தவறினேன். ஊரிலிருந்து வந்த தம்பி, “இதென்ன, எலும்பும் தோலுமாக இருக்கிறது?” என்று கேட்ட பிறகே தராசை எடுத்தேன்.

வயதான பூனை நன்றாகத் தின்றும் மெலிந்தால், முதலில் நினைவுக்கு வரவேண்டியவை தைராய்டு மிகைச்சுரப்பும் நீரிழிவும். என் பூனைக்கு இருந்தது தைராய்டு. அந்த மிகைச்சுரப்பு சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால், உள்ளே இருக்கும் சிறுநீரக நோயை மறைத்தும் வைக்கும். ஆகவே மருந்து தொடங்கிய சில வாரங்களில் இரத்தத்தை மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். வயது என்பது நோயின் பெயர் அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பணிவாக.

குழந்தைகளை எடைபோடும் தராசு கிடைத்தால் நல்லது. பூனையைத் தூக்கிக்கொண்டு நாமே ஏறி நின்று கழித்துப் பார்க்கும் முறையில் சிறிய வேறுபாடு தெரியாது. பிறகு, காலையில் அளந்து ஊற்றிய தண்ணீரில் மறுநாள் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிகுதி.

பதில் – மார்த்தாண்டம் ஆசிரியை

சாளை மட்டுமே கொடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? எங்கள் பூனைக்குப் பச்சைச் சாளையையே தொடர்ந்து கொடுத்ததில், கழுத்தை நிமிர்த்த முடியாமல் தள்ளாடத் தொடங்கியது.

பதில் – முட்டத்துச் செவிலி

ஆசிரியை சொல்வது தயமின் என்ற வைட்டமின் பி1 குறைபாட்டின் அடையாளம். பச்சைச் சாளையில் அந்த வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஐயா வேகவைத்தே கொடுப்பதால் அந்த அச்சம் குறைவு. ஆனால் கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பில் அழற்சி உண்டாகலாம். கோழியிறைச்சியும் எல்லாச் சத்தும் அடங்கிய, பூனைகளுக்கான முழு உணவும் கலந்து கொடுங்கள். அதை மெல்ல மெல்ல மாற்றுங்கள். புது உணவை வெறுத்துப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும்.

பதில் – குளச்சல்காரன்

எடை 3.3 கிலோ, சென்ற ஆண்டு தடுப்பூசி அட்டையில் 4.1 என்று எழுதியிருக்கிறது. நேற்று மட்டும் 350 மில்லி தண்ணீர் குடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். வழியில் அமைதியாக இருக்க, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில் – முட்டத்துச் செவிலி

கூடவே கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கால் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். இன்றே கூடையைத் திறந்து, அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் துடைத்த பழைய துவர்த்தை (துவாலையை) விரித்து, ஒரு துண்டு சாளையும் போடுங்கள். பேருந்தில் கூடையை இன்னொரு துவர்த்தால் மூடி, தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் தண்ணீர்க் கணக்கையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவர் இரத்தத்துடன் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லக்கூடும்.