ஆசிரியர் கணக்குகளுக்கு எம்எஃப்ஏ கட்டாயம்: சரியா, தொல்லையா?

சர்வர்_அறை:
ஒரு பள்ளியில் கணினி, நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுத்த பருவத்திலிருந்து ஆசிரியர்கள், அலுவலகத்தினர் எல்லோருக்கும் எம்எஃப்ஏ கட்டாயம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு போட்ட பிறகு இன்னொரு சான்றும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். போனில் இருக்கும் செயலி காட்டும் ஆறு இலக்க எண், கைரேகை, கணினியில் செருகும் சின்ன யுஎஸ்பி சாவி, இதில் ஏதாவது ஒன்று. கூட்டத்தில் சொன்னதும் பாதிப் பேர் முகம் மாறிவிட்டது.

ஏன் கேட்கிறேன் என்றால், பவர்ஸ்கூல் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிகளின் மாணவர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் அது. 2024 டிசம்பரில் அதன் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் ஒருவன் திருடிய லாகினை வைத்தே நுழைந்துவிட்டான். அந்த வாசலில் எம்எஃப்ஏ இல்லை. கோடிக்கணக்கான மாணவர்கள், ஆசிரியர்களின் விவரம் போயிற்று. நிறுவனம் திருடனுக்குப் பணமும் கொடுத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக அவன் வீடியோ காட்டினான். சில மாதம் கழித்து, 2025 மே மாதத்தில், அதே விவரங்களைக் காட்டிப் பள்ளி நிர்வாகங்களுக்கே மிரட்டல் வந்தது. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 19 வயதுக் கல்லூரி மாணவன்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

சாக்பீஸ்:
திட்டத்தான் போகிறேன். 22 வருடமாகக் கணக்கு டீச்சர்.

நீங்கள் சொன்ன கதையில் பாஸ்வேர்டைப் பறிகொடுத்தது எந்த ஆசிரியர்? யாருமில்லை. ஒரு நிறுவனம் தன் பின்வாசலைப் பூட்டாமல் விட்டது. அதற்கு நாங்கள் ஏன் தினமும் எண் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

என் வகுப்பு 40 நிமிடம். உள்ளே போய், சத்தம் அடங்கி, வருகைப்பதிவு எடுக்கவே 5 நிமிடம் போய்விடும். அப்புறம் லாகின். இதில் போனைத் தேடி, செயலியைத் திறந்து, எண் மாறுவதற்குள் தட்டி, தப்பாகத் தட்டி, அடுத்த எண்ணுக்குக் காத்திருந்து... அதற்குள் பின்வரிசை சந்தை ஆகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பறைக்குள் போன் கூடாது என்று எங்களுக்கும் சேர்த்துத்தான் சுற்றறிக்கை. ஒரு பையனிடம் போனைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, அதே கையால் என் போனை எடுத்து நோண்ட வேண்டுமா?

இன்னொன்று. அது என் காசில் வாங்கிய போன். பள்ளி வேலைக்கு அதில் ஒரு செயலியைப் போடு என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

கடைசிபெஞ்ச்:
நான் இப்போது கல்லூரியில் இருக்கிறேன். பெயர் வெளியே தெரியாத இடம் என்பதால் சொல்கிறேன், கோபப்படாதீர்கள் டீச்சர்.

எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் ஒற்றை விரலால் தட்டுவார். முதல் வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்தோம். கீபோர்டின் இடது பாதியை நான் பார்க்க வேண்டும், வலது பாதியை அவன். நாலு நாளில் முழு பாஸ்வேர்டும் கையில் இருந்தது. அவருடைய மகள் பெயரும் பிறந்த வருடமும்தான், கண்டுபிடித்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அந்த வாரம் தேர்வுத்தாள் முந்தின நாளே எங்களுக்குக் கிடைத்தது. மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தாள் வெளியானதற்கு நிர்வாகம் கேள்வி கேட்டது அவரைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

சர்வர்_அறை:
தம்பி சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. கல்வி நிலையங்களில் உள்ளிருப்பவர்களால் நடந்த 215 தகவல் மீறல்களை எடுத்துப் பார்த்ததில் 57 சதவீதம் மாணவர்கள் செய்தது. ஏறக்குறைய 30 சதவீதம் திருடிய லாகினால் நடந்தவை. அந்த வகையில் மட்டும் பார்த்தால் 97 சதவீதம் மாணவர்கள். ஊகித்த பாஸ்வேர்டு, காகிதத்தில் எழுதி வைத்த பாஸ்வேர்டு, இவ்வளவுதான் அவர்களுடைய வித்தை. ஹேக்கர் என்றால் தொப்பி போட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவன் என்று நினைக்கிறோம். முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

சாக்பீஸ்:
தம்பி, உன்னைத் திட்ட மனசு வரவில்லை. போகட்டும்.

ஆனால் சார், இது என் பக்க வாதம். ஆபத்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்றால், நான் தட்டும் ஆறு எண்ணையும் அதே கண்கள்தானே பார்க்கும்? பாதி நேரம் ப்ரொஜெக்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். எண் சுவரில் ஆளுயரத்துக்குத் தெரியும்.

மொட்டைமாடி:
தெரிந்தாலும் பயனில்லை டீச்சர். அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். அதைவிட முக்கியம், ஒருமுறை ஏற்றுக்கொண்ட எண்ணை சர்வர் மறுபடி ஏற்கக் கூடாது என்பது அந்த முறையின் விதியிலேயே இருக்கிறது. நீங்கள் உள்ளே போன பிறகு அந்த எண் செல்லாக்காசு. போனில் சிக்னலும் தேவையில்லை. செயலியும் சர்வரும் ஒரே ரகசியத்தையும் நேரத்தையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன, விடை ஒன்றாக வருகிறது. கணக்கு டீச்சருக்குப் பிடிக்கும்.

இணையப் பாதுகாப்புதான் என் பிழைப்பு. அதனால் சர்வர்_அறைக்கும் ஒரு குட்டு வைக்கிறேன். எம்எஃப்ஏ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி ஆகக் கடைசித் தேர்வு. போன் நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் அந்த ஓடிபி திருடன் கைக்குப் போகும். ‘நீங்களா?’ என்று கேட்டு ‘ஆம்’ அமுக்கச் சொல்லும் முறையும் சொதப்பியிருக்கிறது. 2022-இல் உபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் ஒரு ஊழியருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கேள்வியை அனுப்பிக்கொண்டே இருந்தான். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்து, நான் ஐடி பிரிவு, இது நிற்க வேண்டுமானால் ஆம் என்று அமுக்குங்கள் என்றான். அவரும் அமுக்கிவிட்டார். ராத்திரி 11 மணிக்கு விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அமுக்க மாட்டார் என்று சொல்ல முடியுமா?

ஆறு இலக்க எண்ணும் போலித் தளத்திடம் தோற்கும். நீங்கள் போலிப் பக்கத்தில் தட்ட, அது அந்த நொடியே உண்மைத் தளத்தில் தட்டிவிடும். யுஎஸ்பி சாவி, பாஸ்கீ (போனிலோ கணினியிலோ சேமித்து வைக்கும் டிஜிட்டல் சாவி) இரண்டும்தான் இதில் மாட்டாதவை. தளத்தின் முகவரி ஒரு எழுத்து மாறினாலும் சாவி வாயைத் திறக்காது. கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017-இல் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில், அதாவது இப்படிப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றுவதில், பறிபோகவில்லை என்று அடுத்த வருடம் சொன்னது.

ஃபைல்கட்டு:
பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு குரல். எங்களிடம் ‘ஆபீஸ்’ என்று ஒரே கணக்கு, மூன்று பேர் பயன்படுத்துகிறோம். போன வருடம் யாரோ நல்ல எண்ணத்தில் அதற்கு ஓடிபி போட்டார்கள். எண் எங்கே போகும் தெரியுமா? ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் போனுக்கு. தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யக் கடைசி நாள். அவர் ரயிலில் இருக்கிறார், போன் ஸ்விட்ச்டு ஆஃப். மாலை 5 மணிக்குத் தளம் மூடும். 3 மணியிலிருந்து மூன்று பேரும் மாறி மாறி அவருக்கு டயல் செய்கிறோம். 4.40-க்கு எடுத்தார். ‘என்னப்பா, சவுக்கியமா?’ என்று ஆரம்பித்தார் பாருங்கள்... இன்றும் அந்தக் குரல் கனவில் வருகிறது.

பூட்டு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

சாக்பீஸ்:
பாருங்கள்! இதைத்தான் சொல்கிறேன்.

பெற்றோர்_ஒருவர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு 7 வயது. அவனுடைய வீட்டுப்பாடச் செயலி திடீரென்று எண் கேட்க ஆரம்பித்தது. அது என் போனுக்கு வருகிறது, நான் வேலையில் இருக்கிறேன், அவன் பாட்டி போனில் அழுகிறான். பிள்ளைகளுக்கும் இது வேண்டுமா?

சர்வர்_அறை:
சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அவன் கணக்கைத் திறந்தால் அவன் வீட்டுப்பாடம்தான் தெரிய வேண்டும், வேறொன்றும் தெரியக் கூடாது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் அங்கே இரண்டாம் பூட்டுக்கு வேலை குறைவு.

ஃபைல்கட்டு அண்ணே, பொதுக் கணக்கை ஒழிப்பது முதல் வேலை, ஒப்புக்கொள்கிறேன். டீச்சருக்கு ஒரு சமாதானம் சொல்லலாமா? பள்ளி நெட்வொர்க்குக்குள் இருக்கும்போது எண் கேட்காது, வீட்டிலிருந்து நுழைந்தால் மட்டும் கேட்கும் என்று அமைத்துவிடலாம். நிறைய இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் உங்களுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

சாக்பீஸ்:
அப்படியென்றால் சரி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

கடைசிபெஞ்ச்:
சார், ஒரு நிமிடம். நாங்கள் அவருடைய கணக்கைத் திறந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? பள்ளி லேப்பில்தான், மதிய இடைவேளையில்.

மொட்டைமாடி:
தம்பிக்கு ஒரு சபாஷ். எல்லோரும் தேடி ஓடும் சமரசம் அது. அதில் இருக்கும் ஓட்டையை ஒரே வரியில் காட்டிவிட்டான். 97 சதவீதம் மாணவர்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, மாணவர்கள் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் பூட்டு வேண்டாம் என்கிறீர்கள். வெளியூர்த் திருடனுக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்வீட்டுக்காரனுக்குச் சன்னலைத் திறந்து வைப்பது போல இருக்கிறது. டிக் போட்டால் அதுவரை எண் கேட்காத ‘இந்தக் கணினியை 30 நாள் நம்பு’ என்ற கட்டமும் பொதுக் கணினியில் அப்படித்தான். ஆசிரியருடைய சொந்த லேப்டாப்பில் போட்டால் தப்பில்லை.

இடத்தை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள். வகுப்பில் டீச்சருக்கு என்ன வேண்டும்? பாடப் படங்கள், ஒரு வீடியோ, பயிற்சித்தாள். அதற்கு மட்டும் ஒரு எளிய கணக்கு. அதைத் திருடினாலும் நாளைய பாடம்தான் கிடைக்கும், வேண்டுமானால் படித்துக்கொண்டு வரட்டும். மதிப்பெண், கேள்வித்தாள், மாணவரின் மருத்துவக் குறிப்பு, வீட்டு முகவரி, சம்பளப் பட்டியல் இவையெல்லாம் வேறு கதவு. அதற்குச் சாவி இல்லாமல் யாரும் போகக் கூடாது, தலைமையாசிரியராக இருந்தாலும் சரி.

சாக்பீஸ்:
வகுப்பில் நான் மதிப்பெண் போடுவதே இல்லை. ஸ்டாஃப் ரூமில்தான், அதுவும் பரீட்சை நேரத்தில். அங்கே ஒருமுறை சாவியைச் செருகச் சொன்னால் செருகிவிட்டுப் போகிறேன். இவ்வளவு நேரம் நான் கத்தியது அந்த 40 நிமிடத்துக்காகத்தான்.

ஆனால் போன் விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்குவது பள்ளி என்றால் இந்தச் சாவியையும் பள்ளிதான் வாங்க வேண்டும். விருப்பப்பட்டவர் போனில் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு அடையாள அட்டைக் கயிற்றில் மாட்ட ஒரு யுஎஸ்பி சாவி.

சர்வர்_அறை:
நியாயம்தான். செலவுத் தாளில் சேர்க்கிறேன். நிர்வாகம் புருவத்தை உயர்த்தும், பார்க்கலாம்.

சாக்பீஸ்:
இன்னொரு சந்தேகம். சாவியைத் தொலைத்துவிட்டால்? நான் மூக்குக்கண்ணாடியையே தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவள்.

சர்வர்_அறை:
எனக்கு ஒரு போன் செய்யுங்கள். ரீசெட் செய்து கொடுத்துவிடுவேன், ரெண்டே நிமிடம்.

மொட்டைமாடி:
போனில் பேசுவது டீச்சர்தான் என்று எப்படித் தெரியும்?

சர்வர்_அறை:
குரல் தெரியுமே... சரி, நூற்றுச் சொச்சம் பேர் குரலும் தெரியாதுதான்.

கடைசிபெஞ்ச்:
எங்கள் வகுப்பில் ஒருத்தி கெமிஸ்ட்ரி டீச்சர் குரலை அப்படியே பேசுவாள். சும்மா சொல்லி வைக்கிறேன்.

சாக்பீஸ்:
ஆக முதல் ஓட்டை உங்கள் அறையில்தான் இருக்கிறது சார்! எங்களுக்கு மூன்று பூட்டு, உங்களுக்கு ஒரு ஹலோ.

சர்வர்_அறை:
விழுந்த அடியை ஏற்றுக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்ததை வாங்கி இப்படித் திருத்தப் போகிறேன். ரீசெட் வேண்டுமானால் நேரில் வர வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் ரேன்சம்வேர் தாக்குதலில் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) மாட்டியபோது மாணவர்களும் ஊழியர்களும் பள்ளிக்கே வந்துதான் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருந்தது. அங்கே அவ்வளவு பேரை வரவைத்திருக்கிறார்கள், எங்கள் பள்ளியில் நடக்காதா? என்னுடைய அட்மின் கணக்குக்குத்தான் முதல் சாவி, ஆசிரியர்களுக்கு அதன் பிறகு. ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்று கயிற்றில், இன்னொன்று உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டு, அலுவலக பீரோவில்.

ஃபைல்கட்டு:
பீரோ என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அலுவலக பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று அந்தக் கண்காணிப்பாளரிடமே தங்கிவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இப்போதே அவருக்குப் போன் போடுகிறேன். எடுத்தால் சரி.